ஒரு கையால் பூட்டும் சட்டை

போன கிழமை ராசமலரைக் கிணற்றடியில், கையில் ஒரு கடதாசிப் பொட்டலத்தோடு நிற்கவிட்டு வந்தோம். புருசன் சோமசேகரம் கொடுத்த பொட்டலம். உள்ளே என்ன இருக்கும் என்று ஏழு நாளாக யோசித்தவர்களை இனியும் காக்க வைப்பது பாவம்.

உள்ளே இருந்தது சேலைக்குப் போடுகிற ஒரு சட்டை. வான நீலப் பொப்லின்.

சண்டைக் காலத்தில் புதுத்துணி என்றால் லேசுப்பட்ட காரியமா? கூப்பனைக் கையில் பிடித்துக்கொண்டு மூன்று காலை வரிசையில் நின்றிருக்கிறான் மனிசன். நிலக்கரி மூட்டை தூக்கித் தூக்கி வலது தோள் இறங்கிப் போனதிலிருந்து அவனுக்குத் துறைமுகத்தில் அரைவாசி வேலைதான். அந்தத் தோளோடு நின்று வாங்கின துணி. பெண்சாதிக்குத் தெரியாமல் அவளுடைய கலியாணச் சட்டையை அளவுக்கு எடுத்துக்கொண்டு போய், கப்பல் துரைமாருக்குத் தைக்கிற பக்கீரிடம் கொடுத்துத் தைப்பித்திருக்கிறான்.

பிழை அங்கேதான் நடந்தது. கலியாணச் சட்டை கலியாணத்தன்று இருந்த உடம்புக்கு அளவு. இன்றைக்கோ ராசமலரின் இடுப்பில் ஐந்து மாதக் கைக்குழந்தை குணமணி. பால் நிறைந்த மார்பு. அது போதாதென்று, சட்டையைப் பூட்டுகிற கம்பிக் கொழுக்கி எல்லாம் முதுகுப் பக்கம்.

“மூச்சை உள்ளுக்கு இழு,” என்றாள் பின்னால் நின்று கொழுக்கி மாட்டிய கமலேஸ்வரி. அவள் சோமசேகரத்தின் அக்கா, ராசமலருக்கு மச்சாள். இரண்டு பேருக்கும் ஒரே வீடு, ஒரே இடத்தில் வேலை.

“இழுத்திட்டன் மச்சாள்.”

“அப்ப விடாதை. விட்டால் கொழுக்கி பறந்து என்ரை கண்ணுக்கை வரும்.”

ஆறு கொழுக்கி. ஆறாவதை மாட்டி முடிக்கும்போது ராசமலருக்குக் கண் பிதுங்கிவிட்டது.

“உன்ரை புருசன், பிள்ளைக்கு முதுகாலை பால் வருதெண்டு நினைச்சிட்டானோ?”

“மெதுவாக் கதையுங்கோ. வாசல்லை நிக்கிறார்.”

சோமசேகரம் எட்டிப் பார்த்தான். “அளவு சரியோ, ராசம்?”

“சரியாத்தான் இருக்கு,” என்றாள் ராசமலர், மூச்சு விடாமலே.

அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. தோள் போன நாளிலிருந்து அந்த முகத்தில் அப்படி ஒன்றை அவள் கண்டதில்லை. அந்த வெளிச்சத்தை ஊதி அணைக்க எந்தப் பெண்சாதிக்கு மனம் வரும்? இருக்கட்டும், உடம்பைத் துணிக்குப் பழக்கிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டில் இருந்த ஐந்து மாதமும் அவளுக்கு இந்தத் தொல்லை இல்லை. மார்புக்கு மேலே சுற்றிச் செருகின ஒரு குறுக்குக்கட்டு. பிள்ளை சிணுங்கினால் ஒரு விரலால் கீழே இழுத்தால் போதும். ஆனால் துறைமுகக் கேட்டில் உத்தரவு வேறு. உள்ளே வருகிற பெண்கள் சட்டை போட்டிருக்க வேண்டும். பழைய சட்டை எப்போதோ கிழிந்து குணமணிக்கு அரைத்துணியாகிவிட்டது. கலியாணச் சட்டை இன்னும் பக்கீரிடம். ஆகையால் இந்த நீலச் சட்டைதான் வழி.

வேலைக்குப் போகாமலும் ஏலாது. சோமசேகரத்தின் அரை வேலையில் உலை கொதிக்காது. பகலில் பிள்ளையைப் பார்க்க வீட்டில் ஆளுமில்லை. கொடிக் கொட்டகைக் கங்காணி காசிநாதர் பெரிய மனசு பண்ணி, “பிள்ளையையும் கொண்டு வாங்கோ, ஒரு நாளைக்குப் பாப்பம்,” என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு நாள் இன்றைக்கு.

புறப்படும்போது சோமசேகரம் தன் சிவப்புக் கட்டம் போட்ட துண்டில் சோற்றுப் பொட்டலத்தைக் கட்டிக் கொடுத்தான். கமலேஸ்வரி தன் பங்கை வேண்டாம் என்றாள்.

“கருவாட்டு மணம் பிடிக்கேல்லை.”

“நேற்றும் இதைத்தானே சொன்னனீங்கள்.”

“நேற்றும் கருவாடுதானே பொரிச்சனீ. நட, நட, கேட்டைப் பூட்டப் போறாங்கள்.”

கொடிக் கொட்டகை என்றால், கப்பல்கள் ஒன்றோடொன்று கதைக்கிற கொடிகளைத் தைக்கிற இடம். காற்றில் கிழிந்தவை, உப்பில் உக்கியவை, புகையில் கறுத்தவை எல்லாம் கூடை கூடையாக வரும். பன்னிரண்டு பெண்கள் பாயில் இருந்து ஊசி பிடிப்பார்கள். ஒவ்வொரு கொடியின் ஒரு மூலையிலும் விரல் நீளக் கட்டைக்குச்சி ஒன்று, மற்ற மூலையில் கயிற்று வளையம் ஒன்று. ஒரு கொடியின் குச்சியை அடுத்த கொடியின் வளையத்துக்குள் நுழைத்தால் மாலை மாதிரித் தொடரும்.

காசிநாதர் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட எழுதுவினைஞர். பெண்களோடு கதைக்கும்போது கூரையைப் பார்த்துத்தான் கதைப்பார். அவருக்குக் கூரையில் எத்தனை மரச் சிலாகை என்று மனப்பாடம் என்பது பெண்கள் மத்தியில் பகிடி.

“வாங்கோ ராசமலர்,” என்று கூரையை வரவேற்றார். “பிள்ளை அழாதுதானே?”

“அழாது ஐயா.”

அழாத பிள்ளை எந்த ஊரில் இருக்கிறது? பத்து மணிக்குக் குணமணி வாயைச் சப்பினாள். ராசமலர் கொடிக் குவியலுக்குப் பின்னால் போனாள். கமலேஸ்வரி வேலையை விட்டுவிட்டு வந்து ஆறு கொழுக்கியையும் கழற்றினாள். பிள்ளை குடித்தது. மறுபடி மூச்சை இழுத்து ஆறு கொழுக்கியும் மாட்டியாயிற்று.

பக்கத்துப் பாயில் இருந்த ஸல்ஹா இதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கிண்ணியாவிலிருந்து தினமும் தோணியில் வருகிறவள், ஐந்து பிள்ளை பெற்றவள்.

“என்ன புள்ள, ஒரு புள்ளைக்குப் பால் குடுக்க ரெண்டு ஆள் வேணுமா? நாளைக்கு மச்சாளுக்கு சொகமில்லாட்டி ஒண்ட புள்ள பட்டினியா?”

ராசமலர் குனிந்து ஊசியில் நூல் கோத்தாள்.

பதினொரு மணி தாண்டியிருக்கும். குண்டுவீச்சு அபாயச் சங்கு ஊதியது.

நாற்பத்திரண்டாம் ஆண்டு சித்திரையில் துறைமுகத்தில் குண்டு விழுந்ததைக் கண்டவர்கள், இரண்டு வருசம் கழித்து இந்தச் சித்திரையிலும் அந்தச் சங்கைக் கேட்டால் நடக்க மாட்டார்கள், ஓடுவார்கள். பயிற்சிக்கு ஊதுகிறதோ, மெய்யாகவே ஊதுகிறதோ, ஆருக்குத் தெரியும்? ராசமலர் பிள்ளையை அணைத்துக்கொண்டு ஓடினாள். பனங்குற்றி போட்டு மண் மூடின பதுங்குகுழி. இந்தப் பக்கம் கொடிக் கொட்டகைப் பெண்கள், அந்தப் பக்கம் கயிற்றுக் கொட்டகை ஆண்கள். தோளோடு தோள் இடிக்கிற நெருக்கம். இருட்டு. கமலேஸ்வரி எங்கேயோ கடைசியில் அகப்பட்டுக்கொண்டாள்.

சங்குச் சத்தத்தில் பயந்த குணமணி வீரிட்டாள்.

தட்டினாள் ராசமலர். ஆட்டினாள். விரலைக் கொடுத்தாள். விரலைத் துப்பிவிட்டு இன்னும் பெரிதாகக் கத்தியது பிள்ளை. அந்தச் சத்தத்துக்கு மார்பு தானாகச் சுரந்து நீலப் பொப்லின் நனைந்தது. பால் இந்தப் பக்கம், பிள்ளை அந்தப் பக்கம், நடுவிலே ஒரு துணி. கையைப் பின்னால் வளைத்தாள். ஒரு கொழுக்கி அகப்பட்டது. அடுத்தது வளைந்து இறுகிப்போய் அசையவில்லை.

“குண்டு விழமுன்னம் எங்கடை காது விழுந்திடும் போலை,” என்றது ஆண்கள் பக்கம் ஒரு குரல். சிலர் சிரித்தார்கள்.

“பிள்ளையை அமர்த்துங்கோ, ராசமலர்,” என்றார் காசிநாதர், பனங்குற்றியைப் பார்த்து.

அப்போது இருட்டில் ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு கமலேஸ்வரி வந்தாள். குழந்தையை ஒரு பக்கம் ஒதுக்கினாள். இடுப்பில் செருகியிருந்த நூல் வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்தாள். சட்டைக் கழுத்தில் வைத்து நேரே கீழே, நெஞ்சுக்கு நடுவால் ஒரே இழுவை. துணி கிழிகிற சத்தம் குழி முழுக்கக் கேட்டது.

“மச்சாள், அவர் வாங்கின துணி…”

“துணி கிடக்கட்டும். பிள்ளையைப் பிடி.”

முந்தானை மூடியது. குணமணி வாயை வைத்தாள். அவ்வளவுதான். சத்தம் அடங்கின குழிக்குள், பிள்ளை விழுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

“எல்லாரும் அங்காலை பாருங்கோ,” என்றார் காசிநாதர். பார்த்தார்கள்.

ஊதினது பயிற்சிக்குத்தானாம். வெளியே வந்தபோது காசிநாதர் ராசமலரைக் கூப்பிட்டார். மனிசனுக்கும் சங்கடம்தான். “பிள்ளை, குறை நினைக்காதையுங்கோ. சட்டை இல்லாமல் எண்டால் கேட்டிலை விடமாட்டாங்கள். சட்டையோடை எண்டால் குழந்தை பசியிலை கத்துது. மத்தியானத்துக்குப் பிறகு துரை கொடி பாக்க வாறார். அவருக்கு முன்னாலையும் இப்பிடி நடந்தால், நாளைக்கு உங்கடை பாயிலை நான் வேலை கேட்டு நிக்கிற புஸ்பராணியைத்தான் இருத்த வேணும்.”

ராசமலர் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போய்ப் பாயில் இருந்தாள். வேலை போகப்போகிறது. மூன்று காலை வரிசையில் நின்று வாங்கின துணியும் போயிற்று. எது பெரிய கவலை என்று அவளுக்கே தெரியவில்லை.

சாப்பாட்டு மணி அடித்தது. ஸல்ஹா அவளுக்குப் பக்கத்தில் வந்து இருந்து கிழிந்த சட்டையைத் தடவிப் பார்த்தாள்.

“நல்ல இடத்திலதான் வெட்டிரிக்கா ஒண்ட மச்சாள். பக்கீர் தைச்சதுதானே பிழை. புள்ளக்காரிட சட்டை முன்னுக்குத்தான் தொறக்கணும்.”

“திறந்ததை என்னெண்டு பூட்டுறது, ராத்தா?”

“நாடா வெச்சுக் கட்டேன்.”

“நாடா முடிய ரெண்டு கை வேணும். ஒரு கையிலை பிள்ளை இருக்குமே.”

“தெறி தை,” என்று பொத்தானைச் சொன்னாள் கமலேஸ்வரி, ஒரு மிடறு தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு.

“தெறியும் சின்னன் மச்சாள். இருட்டிலை, பிள்ளை உதைக்கேக்கை, ஒரு கையாலை கண்ணுக்குள்ளை போகாது.”

சொல்லிக்கொண்டே ராசமலர் மடியில் கிடந்த கொடியைத் தன் பாட்டுக்கு உருட்டிக்கொண்டிருந்தாள். குச்சியை வளையத்துக்குள் தள்ளுகிறாள். எடுக்கிறாள். தள்ளுகிறாள். இடது கையில் குணமணி தூங்குகிறாள். எல்லாம் வலது கைதான். கண் கூட அங்கே இல்லை.

சட்டென்று கை நின்றது.

“மச்சாள். இந்தக் குச்சியைக் கொடியிலை ஏன் வைச்சிருக்கிறாங்கள்?”

“கப்பல்காரன் ஒரு கையாலை கம்பத்தைப் பிடிச்சுக்கொண்டு, மற்றக் கையாலை பூட்டத்தான். காத்திலை ரெண்டு கையையும் விட்டால் கடலுக்கைதான்…” கமலேஸ்வரி பாதியில் நிறுத்தி அவளைப் பார்த்தாள். “அடி, உனக்கு மூளை இருக்கு.”

குச்சிக்கு எங்கே போவது? கொட்டகைக் குச்சி அரசாங்கத்துச் சொத்து. தொடக்கூடாது. கமலேஸ்வரி எழும்பிப் போய், முற்றத்து வேம்பில் பல்லுத் தீட்டுகிற தடிப்பில் ஒரு கிளை முறித்துக்கொண்டு வந்தாள். பெருவிரல் கணு அளவுக்கு நான்காக நறுக்கினாள். நடுவிலே கத்தரிக்கோல் முனையால் நூல் நிற்கக் காடி எடுத்தாள்.

அடுத்த இடைஞ்சல், கலியாண அளவு. வெட்டின இரண்டு பக்கமும் ஒன்றையொன்று தொட மறுத்தது. நாலு விரல் இடைவெளி.

“துண்டு வேணும்,” என்றாள் ஸல்ஹா.

ராசமலர் சோற்றுப் பொட்டலத்தை அவிழ்த்தாள். சோமசேகரத்தின் சிவப்புக் கட்டத் துண்டு. ஒரு கணம் யோசித்தாள். பிறகு ஓரத்தில் ஒரு பட்டை கிழித்தாள். கருவாட்டு மணம் அதிலும் இருந்தது. கமலேஸ்வரி மூக்கைப் பொத்திக்கொண்டு நூல் கோத்தாள்.

மூன்று பேர், மூன்று ஊசி. கிழிந்த கொடியைக் கடல் காற்றுக்குத் தாங்கத் தைக்கிற கைகள் அவை. ஒரு சட்டை எந்த மூலைக்கு? இடது பக்கத்தில் சிவப்புப் பட்டை, வலது பக்கத்துக்கு மேலால் வந்து படுத்தது. பட்டையில் நாலு வேப்பங்குச்சி. எதிர்ப்பக்கம் பின்னின நூலில் நாலு வளையம். வேலை மணி அடித்தபோது ஸல்ஹா கடைசி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

ராசமலர் போட்டுப் பார்த்தாள். மூச்சை உள்ளே இழுத்தாள். பிறகு, காலையிலிருந்து முதல் தடவையாக, வயிறு நிறைய வெளியே விட்டாள்.

காசிநாதர் தவறுதலாகக் கீழே பார்த்துவிட்டார். நீலத்தில் சிவப்புக் கட்டம், குச்சி, வளையம். “இது… எந்தக் கப்பல்ரை கொடி?”

“‘பசிச்சவங்க கரைக்கு வரலாம்’ எண்ட கொடி, ஐயா,” என்றாள் ஸல்ஹா.

காசிநாதர் உடனே கூரைக்குத் திரும்பிவிட்டார். ஆனால் கூரையைப் பார்த்துச் சிரித்ததைப் பன்னிரண்டு பேரும் கண்டார்கள்.

மூன்று மணிக்குத் துரை வந்தார். வெள்ளை உடுப்பு, வெள்ளைத் தொப்பி. சப்பாத்துச் சத்தம் பாய் பாயாக வந்தது. அவர் ராசமலருக்கு இரண்டு பாய் முன்னால் நிற்கும்போது குணமணி கண் விழித்தாள். முகம் சுருங்கியது. வாய் கோணியது. காசிநாதரின் முகமும் அதே மாதிரிக் கோணியது.

ராசமலர் அவசரப்படவில்லை. இடது கையால் பிள்ளையைத் தூக்கினாள். முந்தானைக்குள் வலது கை போனது. ஒரு குச்சி. இரண்டு குச்சி. “ங்…” என்று தொடங்கின சத்தம் “ம்” என்று முடிந்தது.

துரை வந்து நின்றார். அவள் தைத்து வைத்திருந்த கொடியை எடுத்தார். குச்சியை வளையத்தில் பூட்டி இழுத்துப் பார்த்தார். தலையை ஆட்டினார். முந்தானைக்குள்ளே ஒருத்தி சாப்பாட்டில் இருக்கிறாள் என்று அவருக்குத் தெரியவே தெரியாது. அடுத்த பாய்க்குப் போய்விட்டார்.

வேலை விட்டுப் போகும்போது காசிநாதர் சொன்னார்: “நாளைக்கும் நேரத்துக்கு வாங்கோ, ராசமலர்.” கொஞ்சம் பொறுத்து, “பிள்ளையோடை.”

வீட்டுக்குப் போகிற வழியில் ராசமலருக்குத் திருக்கடலூர் மணலில் கால் புதையாமல் நடக்கிற மாதிரி இருந்தது. ஆனால் வீட்டு வேலி கண்ணில் பட்டதும் நடை சுணங்கியது.

சோமசேகரம் வாசல் படலையடியில் நின்றான். அவன் கண் முதலில் பிள்ளையில் விழுந்தது. பிறகு சட்டையில்.

“நான்தான் வெட்டினனான்,” என்றாள் கமலேஸ்வரி, அவன் வாய் திறக்க முன்பே. “பேசுறதெண்டால் என்னைப் பேசு.” அவள் கால் கழுவக் கிணற்றடிக்குப் போய்விட்டாள்.

ராசமலர் நடந்ததை எல்லாம் சொன்னாள். சங்கு, குழி, இறுகின கொழுக்கி, கத்தரிக்கோல், துரை. கடைசியாக, “காலமை சரியெண்டு பொய் சொன்னனான். நீங்கள் ஆசையா வாங்கினது, அதுதான்,” என்றாள்.

 சோமசேகரம் கிட்ட வந்து ஒரு வேப்பங்குச்சியை இரண்டு விரலால் உருட்டிப் பார்த்தான். வளையத்துக்குள் தள்ளினான். எடுத்தான்.

“பக்கீர் கேட்டவன்,” என்றான். “கொழுக்கி முன்னாலையோ பின்னாலையோ எண்டு. நான்தான் பின்னாலை எண்டு சொன்னனான்.”

“ஏன்?”

“முன்னாலை பாக்க வடிவா இருக்கட்டுமெண்டு.” தலையைச் சொறிந்தான். “பிள்ளையை நான் யோசிக்கேல்லை. உன்னை மட்டும்தான் யோசிச்சனான்.”

ராசமலருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. எது முந்தினதென்று சொல்ல ஏலாது.

“இது பச்சை வேம்பு,” என்றான் அவன், குச்சியை விடாமல். “ரெண்டு நாளிலை காஞ்சு சுருங்கும். பேந்து வளையத்திலை நிக்காது. துறையிலை முதிரை மரத் துண்டு கிடக்கு. நாளைக்கு நான் சீவித் தாறன். தோள்தானே போனது, விரல் இருக்கு.”

குணமணியை வாங்கித் தன் நல்ல தோளில் போட்டுக்கொண்டு அவன் கடற்கரைப் பக்கம் நடந்தான்.

ராசமலர் உள்ளே போனபோது கமலேஸ்வரி தன் பெட்டகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தாள். மடியில் ஒரு துணி. வெள்ளையில் சின்னப் பூப் போட்டது. கூப்பன் வந்த நாளிலிருந்து ஆருக்கும் காட்டாமல் வைத்திருந்த துணி.

கமலேஸ்வரி கலியாணம் முடித்து ஒன்பது வருசம். புருசன் பாக்கியரத்தினம் சீனன்குடா விமானத் தளத்தில் வேலை, சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை வருகிறவர். இரண்டு தரம் வயிற்றில் தங்கியது. இரண்டு தரமும் ஊருக்குச் சொல்லி, இனிப்புக் கொடுத்து, பிறகு ஒன்றும் இல்லாமல் போயிற்று. அதற்குப் பிறகு அவள் வாய் மட்டும்தான் கூர்மை. மற்றதெல்லாம் மூடி வைத்துவிட்டாள்.

“இந்தா,” என்றாள், துணியை ராசமலரின் கையில் வைத்து. “இதிலையும் ஒண்டு தைச்சு வை. அதே மாதிரி. முன்னாலை குச்சி வைச்சு.”

“ஆருக்கு மச்சாள்?”

“எனக்குத்தான். வேறை ஆருக்கு.”

ராசமலர் அவளைப் பார்த்தாள். கருவாட்டு மணம் நினைவுக்கு வந்தது. தொடாத சோறு நினைவுக்கு வந்தது. கேட்க வாயெடுத்தாள். கமலேஸ்வரியின் கண் ‘கேளாதை’ என்றது.

 ராசமலர் சுவரில் தொங்கிய அளவு நாடாவை மட்டும் எடுத்தாள்.

“அதை வை,” என்றாள் கமலேஸ்வரி, மெல்ல. “அளவு இப்ப எடுக்காதை. ஐப்பசியிலை எடுப்பம்.”